நீ காரை எடுக்கப் போன நேரம்

கண்ணு,

வருகிற வியாழக்கிழமை நீயும் எலோதியும் அவள் ஊருக்கு விமானம் ஏறுகிறீர்கள். இந்தக் கடிதத்தை உன் தோள்பையில் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் சொருகி வைக்கப்போகிறேன். அவ்வளவு நேரம் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது என்னிடமிருந்து நீ எங்கேயும் எழுந்து ஓட முடியாது பார். நேரில் சொல்ல ஆரம்பித்தால் "அம்மா, ஆரம்பிச்சிட்டியா" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் எல்லாம் படுத்துவிட்டார்கள், நாலு மணி டீ வரைக்கும் எனக்கு வேலை கிடையாது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சந்தோஷமாகவே இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள் என்று பக்கத்து சீட்டில் இருக்கிற எலோதியிடம் சொல்லி அவளையும் கலங்க வைப்பாய்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் உன் மாமியார் மொனிக் நம் மரக்காணம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்களே, அன்றைக்கு நீ காரை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தோம். ஏன் என்று இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டாய். மூன்று தடவையும் "ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லக்கூடாது என்று இல்லை. சொன்னால் அரைகுறையாகச் சொல்ல முடியாது, உன் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் இவ்வளவு பேப்பர்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தது ரூம் பெருக்கத்தான் என்பது உனக்குத் தெரியும். உப்பளத்தில் மழை பெய்தால் பாத்தி கரைந்து உங்கப்பாவுக்கு மாசக்கணக்கில் வேலை இருக்காது, அதனால் ஈசிஆர் பஸ் பிடித்துத் தினமும் வந்து போக ஆரம்பித்தேன். பத்தாவது வரைக்கும் படித்தவள், இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவள். இங்கே தங்க வருகிறவர்கள் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு பிரெஞ்சு தெரியாது, நடுவில் இருந்தது இங்கிலீஷ் ஒன்றுதான். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நானும் பேசினேன். அவர்களுக்கும் அது வெளியூர் பாஷை, அவர்களும் என்னை மாதிரியே தடுமாறுகிறார்கள் என்று என் மரமண்டைக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைக்காரர் வாயிலிருந்து வந்தால் அது இங்கிலீஷாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். ஐந்து வருஷம் அவர்கள் செய்த தப்பையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, என் தப்பையும் மேலே தூவி, சரளமாகப் பேச ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அதில் பெருமை வேறு.

அந்தப் பெருமையோடுதான் நீ ஒன்பதாவது படிக்கும்போது உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நல்ல புடவை கட்டி, பிரின்சிபால் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மை சன் ஹேஸ் ஃபோர்டீன் இயர்ஸ். வி ஆர் இன் திஸ் ஸ்கூல் சின்ஸ் த்ரீ இயர்ஸ். ஐ ஆம் வெரி கன்டென்ட்" என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல மனுஷர், தலையாட்டிக் கேட்டார். வாசலில் நின்றிருந்த உன் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்:

"இனிமே நீ ஸ்கூலுக்கு வராதம்மா. அப்பா வரட்டும்."

"அப்பாவுக்கு இங்கிலீஷே தெரியாதேடா?"

"அதான் சொல்றேன். அவர் வாயைத் திறக்க மாட்டாரு."

பதினாலு வயசுப் பிள்ளை சொன்னதைப் பெரிசு பண்ணக்கூடாது. ஆனால் பண்ணினேன். அதற்கப்புறம் உன் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதிக்கவில்லை. பேச்சுப் போட்டியில் நீ பரிசு வாங்கின அன்றைக்கு உன் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்துவிட்டு "எனக்கு டூட்டி இருக்கு" என்று பஸ் ஏறிவிட்டேன். டூட்டி ஒன்றும் இல்லை, லீவு நாள். இரும்பை கோயில் குளக்கரையில் சாயங்காலம் வரைக்கும் வெட்டியாக உட்கார்ந்திருந்தேன். மேடையில் நின்று நீ கூட்டத்தில் என்னைத் தேடினதாக உங்கப்பா வந்து சொன்னார். என் வீம்பு அப்படி. அதற்காக உன்னிடம் இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், பத்து வருஷத்துக்கு மேல் தாமதமாக.

அதே வருஷம்தான் மூன்றாம் நம்பர் ரூமில் தங்கியிருந்த மேடம் ஊருக்குப் போகும்போது ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போனார். பிரெஞ்சு பேசுகிறவர்கள் இங்கிலீஷ் இலக்கணம் கற்றுக்கொள்ள எழுதின ஆரம்பப் புத்தகம். விளக்கம் முழுக்க பிரெஞ்சில், எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் இடது பக்கம் தப்பான இங்கிலீஷ் வாக்கியம், அதன்மேல் ஒரு கோடு, வலது பக்கம் சரியான வாக்கியம். இடது பக்கத்தைப் படிக்கப் படிக்க எனக்கு முகம் சுட்டது. பிரின்சிபாலிடம் நான் பேசினது மொத்தமும் அங்கே கோடு போட்டு அடித்து வைத்திருந்தது. வயசைச் சொல்ல 'ஹேவ்' கூடாதாம். மூன்று வருஷமாக இருக்கிறேன் என்றால் 'ஹேவ் பீன்', அதோடு 'ஃபார்'. நம் தமிழில் மூன்று வருஷமாக இருக்கிறேன் என்றுதானே சொல்கிறோம், ஒரு விருந்தாளியைக் கேட்டேன், பிரெஞ்சிலும் அப்படித்தானாம். இரண்டு பேரும் ஒரே குழியில் விழுந்திருக்கிறோம், விழுந்த இடத்தில் ஒருவரையொருவர் பார்த்து இதுதான் ரோடு என்று நினைத்திருக்கிறோம்.

புத்தகம் முழுக்க வலது பக்கத்தை மனப்பாடம் பண்ணினேன். அப்புறம் நாலு மணிக்கு டீ கொடுக்கும்போது யாராவது இடது பக்க வாக்கியம் ஒன்றைப் பேசினால் சும்மா இருக்க முடியாமல் வலது பக்கத்தைச் சொல்லிவிடுவேன். அவர்கள் நோட்டு எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். என் டீ கிளாஸ் பிறந்த கதை இதுதான். நாம் 'தி' போட வேண்டிய இடத்திலெல்லாம் விட்டுவிடுவோம், அவர்கள் வேண்டாத இடத்திலெல்லாம் போட்டுவிடுவார்கள், இரண்டு பேர் இங்கிலீஷையும் ஒரே சட்டியில் ஊற்றிக் கலக்கினால் சரியாக இருக்கும் என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். 'ஐ ஆம்' என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி இருக்கிறது, 'ஐம்' என்று விடுங்கள் என்பேன். 'ரிட்டர்ன்', 'டிசென்ட்', 'கமென்ஸ்' என்று அவர்கள் பாஷையோடு ஒட்டின பெரிய வார்த்தையாகவே பிடித்துத் தொங்குவார்கள். 'கம் பேக்', 'கோ டவுன்', 'ஸ்டார்ட்' என்று சின்னச் சின்னதாகப் பேசினால்தான் மனுஷப் பேச்சு மாதிரி இருக்கும் என்பேன். எனக்குக் கூடை கூடையாகப் பாராட்டு. ரூம் பெருக்கினவளை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள்.

உன் மேல் அந்த வித்தையைக் காட்டினேன் பார், அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் வேலை கிடைத்து ஆபீஸ் சிநேகிதர்களை உப்பளம் பார்க்க அழைத்து வந்தாய். பாத்தி வரப்பில் நின்று அவர்களிடம் வேலைப் பளுவைப் பற்றி இங்கிலீஷில் என்னவோ சொன்னாய், அதில் ஒரு 'சின்ஸ்' தப்பான இடத்தில் வந்தது. மோர் கொண்டு வந்த நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எல்லார் எதிரிலும் திருத்தினேன். அவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆன்ட்டி சூப்பர்" என்றான் ஒருத்தன். உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளுக்குள் குளிர்ந்தேன் கண்ணு, அதை ஒளிக்க மாட்டேன். பஸ்ஸில் நீ சொன்னதற்குப் பழி வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். அன்றையிலிருந்து என் எதிரில் நீ இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நாளில் தமிழும் குறைந்துவிட்டது. "சாப்டியா", "சாப்டேன்", "பணம் அனுப்பிருக்கேன்", அவ்வளவுதான் போனில் நம் பேச்சு.

எலோதி வந்துதான் அதை மாற்றினாள். முதல் நாள் டீ கிளாஸில் உட்கார்ந்து "தி லைஃப் இஸ் பியூட்டிஃபுல் ஹியர்" என்றாள். "அந்த 'தி'யை எடுத்துடு" என்றேன். எடுத்தாள். ஆறு மாசத்தில் என் பிள்ளையையும் எடுத்துக்கொண்டாள். அவளுக்காக நீ பிரெஞ்சு கற்றுக்கொண்டு வாய் குளறிப் பேசினதை இந்த ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவள் சிரிப்பாள், நீயும் சிரிப்பாய். என் பிள்ளை தப்பாகப் பேசிவிட்டுச் சிரிக்கிறானே என்று எனக்கு ஆச்சரியம், கொஞ்சம் பொறாமையும்.

கல்யாணப் பத்திரிகையை முதலில் கீழ்புத்துப்பட்டு ஐயனாருக்கு வைக்க உங்கப்பாவும் நானும் போனோம். கும்பிட்டு முடித்து வெளியே செருப்பைத் தேடும்போது, வழக்கமாகப் பேசாத மனுஷன், ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மே, நம்ம வழக்கத்துல கல்யாணம் முடிஞ்சதும் பொண்ணைப் பெத்தவங்க பையன் வீட்டுல ஒப்படைப்பாங்க. இங்க பொண்ணு எங்க வருது? பையன்தான் அங்க போறான். அப்ப யாரு யாரை ஒப்படைக்கிறது?" எனக்குச் சுருக்கென்றது. எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், பெண்ணைப் பெற்றவள் சம்பந்தியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணா நினைச்சுப் பாத்துக்குங்க" என்று சொல்லி உடைந்துபோவாள். பையனைப் பெற்றவளாச்சே, அந்த வேலை நமக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். இப்போது அது என் தலையில் வந்து விழுந்தது.

உன்னிடம் ஜாடையாகக் கேட்டேன், மொனிக் அம்மாவோடு நான் எப்படிப் பேசுவது என்று. "நீ டென்ஷன் ஆகாதம்மா. நீ தமிழ்லயே பேசு, நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். ஆனால் ஒப்படைக்கப்படுகிறவனே நடுவில் நின்று ஒப்படைக்கிற வார்த்தையை எடுத்துச் சொன்னால் அது நன்றாகவா இருக்கும்? இந்த ஒன்றை நான்தான் என் வாயால் சொல்லியாக வேண்டும். எலோதியின் அம்மாவுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று கேள்விப்பட்டேன். வாக்கியம் தயார் பண்ண உட்கார்ந்தேன். முதலில் எழுதினது, "ஐ ஹேண்ட் ஓவர் மை சன் டு யுவர் கஸ்டடி." படித்துப் பார்த்தால் போலீஸ் ஸ்டேஷனில் விடுகிற மாதிரி இருந்தது. அடித்தேன். 'டெலிவர்' என்று போட்டால் பார்சல். கடைசியில் என் கிளாஸில் நானே சொல்லிக்கொடுக்கிற சின்ன வார்த்தைக்கு வந்தேன். 'லுக் ஆஃப்டர்'. பாத்துக்குங்க. மூன்று வரி, அழகாக, ஒரு பிசிறு இல்லாமல். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் முணுமுணுத்தேன், கண்டக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சாப்பாட்டு நாள் வந்தது. எலோதி வெயில் தாங்காமல் உள்ளே ஃபேனுக்குக் கீழே படுத்துவிட்டாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மொனிக் அம்மா, நடுவில் நீ. வாக்கியத்தைச் சொல்ல இடம் கிடைக்கட்டும் என்று, முதலில் தமிழில் உன் மூக்கைப் பற்றி ஆரம்பித்தேன். உடம்பில் சூடு ஏறினால் என் பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வரும், பார்க்கிறவர்கள் பயந்துவிடக்கூடாது, தலையைப் பின்னால் சாய்க்கக்கூடாது, முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடிக்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னேன். நீ இரண்டே வார்த்தை சொன்னாய். அவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள்.

"இன்னாடா சொன்ன?"

"நீங்க வந்ததுல சந்தோஷம்னு சொன்னேம்மா."

"மூக்கு?"

"அம்மா, ப்ளீஸ்."

அப்புறம் அவர்கள் பிரெஞ்சில் பேசினார்கள். மெதுவாக, தட்டைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நேரம். கண் கலங்கின மாதிரிகூட எனக்குப் பட்டது. நீ என் பக்கம் திரும்பி, "மீன் வறுவல் நல்லா இருக்காம்" என்றாய். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வஞ்சிரத் துண்டை உன் தலையில் வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து வாசலிலிருந்து உங்கப்பா குரல்: "டேய், வந்து காரை எடுடா! உப்பு லாரி போவணுமாம்!" இரண்டு பக்கமும் வாய்க்கால் இருக்கிற நம் தெருவில் வண்டியைத் திருப்ப முடியாது, மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போக வேண்டும். நீ போனாய். அந்த லாரி டிரைவர் நன்றாக இருக்கட்டும்.

மேஜையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். என் மூன்று வரியும் போன இடம் தெரியவில்லை. மொனிக் அம்மா வெள்ளரித் துண்டை எடுத்துவிட்டு உப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். நான் எடுத்தேன். நம் உப்பளத்து ஊரில் உப்பை யார் கையிலும் கொடுக்க மாட்டோமே, சண்டை வரும் என்று. கீழே வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொள்வார்களோ என்று என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவர்களோ கையை நீட்டவே இல்லை. இங்கே வை என்கிற மாதிரி மேஜையைத் தட்டினார்கள். வைத்தேன். "நாட் இன் தி ஹேண்ட்" என்றார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு. "மை மதர், ஆல்வேஸ். இன் தி ஹேண்ட், வி ஃபைட்." எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "மை மதர் ஆல்சோ! ஃபைட்! பிக் ஃபைட்!" என்று கத்தினேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவர்களுக்குப் புரையேறிவிட்டது.

அவர்கள் தண்ணீர் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு அவர்கள் இரண்டு கையையும் பிடித்தேன். அந்த அழகான மூன்று வரி வரவில்லை கண்ணு. வந்தது இதுதான்: "மை சன் கோ யுவர் ஹவுஸ். ஹி இஸ் ஸ்டபர்ன். ஹங்கிரி, ஹி நாட் டெல், ஹி சைலன்ட். யூ ஆஸ்க் டூ டைம்ஸ். ஹி டூ மிஸ்டேக், யூ ஸ்கோல்ட், லைக் யுவர் சன்." டீ கிளாஸ் டீச்சரம்மா பேசின இங்கிலீஷ். ஒரு வாக்கியம்கூட வலது பக்கத்தில் நிற்காது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டும் கடைசியில் முழுசாக வந்தது.

மொனிக் அம்மா என் கையை விடவில்லை. ஒரு கையை மட்டும் உருவிப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்கள். அவர்களும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார்கள். "ஐ ஹேவ் சிக்ஸ்டி டூ இயர்ஸ். ஐ ஆம் அலோன் சின்ஸ் நைன் இயர்ஸ். தி ஹவுஸ் இஸ் டூ பிக். ஐ ஹேவ் ஃபியர் ஆஃப் எ சன் தட் ஐ கேன்னாட் ஸ்பீக் வித் ஹிம். பட் ஐ ப்ராமிஸ், ஹி வில் நாட் பி எ கெஸ்ட்." நீ மீன் வறுவல் என்று சொல்லி முடித்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. புருஷன் போன பிறகு ஒன்பது வருஷம் தனியாக இருந்த பொம்பளை, மாப்பிள்ளையோடு மனசுவிட்டுப் பேச முடியுமா என்கிற பயத்தை அவனிடமே சொல்லியிருக்கிறாள். நீ அம்மாவைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அதை முழுங்கிவிட்டாய்.

அந்தக் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு வரியும் என் புத்தகத்தில் கோடு போட்டு அடித்திருக்கிற வரி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் திருத்தணும் என்று தோன்றவே இல்லை. "யெஸ்" என்றேன். "யெஸ், மொனிக்" என்றேன். அதற்குப் பிறகுதான் மூக்கு விஷயம் மீதி இருப்பது ஞாபகம் வந்தது. ரத்தத்துக்கு இங்கிலீஷ் வந்தது, குனிவதற்கு வரவில்லை. நடித்துக் காட்டினேன். சரியாகப் புரிந்ததா என்று பார்க்க அவர்களையும் செய்யச் சொன்னேன். அந்த நேரத்தில்தான் நீ கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்து "இன்னாம்மா ஆச்சு?" என்று முழித்தாய்.

இதுதான் கதை. கல்யாணம் முடிந்து இரும்பை கோயில் வாசலில் எல்லாரும், "பையனை ஒப்படைக்கலியா?" என்று கேலி பண்ணினபோது நானும் மொனிக் அம்மாவும் ஏன் சிரித்தோம் என்று இப்போது தெரிகிறதா? உன்னை நாலு நாள் முன்னாலேயே வெள்ளரித் தட்டுக்கு மேலேயே ஒப்படைத்தாகிவிட்டது.

அங்கே போனதும் உன் பிரெஞ்சைக் கேட்டுக் கடையில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், வேண்டியதை வாங்கிக்கொண்டு வா. எலோதி என்னிடம் தமிழில் பேசினால் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்காதே, அவள் "அத்தே, நீ வருது?" என்று கேட்டாலும் எனக்கு நன்றாகவே புரிகிறது. மொனிக் அம்மா உன்னிடம் இங்கிலீஷில் எதையாவது சொன்னால், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதற்குப் பதில் சொல், எப்படிச் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிடு. நான் உன்னிடம் அதைச் செய்யாமல் போனேன். வரப்பில் நின்று அன்றைக்கு நீ சிநேகிதர்களிடம் சொன்னது ராத்தூக்கம் இல்லாமல் வேலை பார்க்கிறேன் என்பதை. எனக்கு அந்த 'சின்ஸ்' மட்டும்தான் காதில் விழுந்தது. தூங்குகிறாயா கண்ணு இப்போதெல்லாம்?

டீக்குத் தண்ணீர் வைக்க நேரமாகிவிட்டது, இரண்டு பேர் நோட்டோடு வந்து நிற்கிறார்கள். கடைசியாக ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் போன் பண்ணுவேன். உன்னோடு பேசினதும் மொனிக் அம்மாவைக் கேட்பேன். "இன்னாம்மா வேணும், நான் சொல்லிடறேன்" என்று ஆரம்பிக்காதே. போனை அவர்கள் கையில் கொடு. கொடுத்துவிட்டு அங்கேயே நிற்காமல், நீ போய்க் காரை எடு.

உன் அம்மா